போனில் வரும் பக்கரா: காசு வைக்குமுன் கணக்கைப் பாருங்கள்

கொழும்புக் கசினோ மேசையில் ஆடும் பக்கரா சீட்டாட்டம், இப்போது அக்கரைப்பற்றில் நம் பிள்ளைகளின் போனுக்குள்ளும் வந்துவிட்டது. "உத்தி தெரிந்தால் வெல்லலாம் மச்சான்" என்று யாரும் கூப்பிட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மூன்றாம் சீட்டு எடுப்பதுகூட விதிப்படிதான். ஆடுபவரின் திறமைக்கு அங்கே இடமில்லை. 100 ரூபாய் வைத்தால் சராசரி நட்டம் பேங்கர் பக்கம் 1.06 ரூபாய், பிளேயர் பக்கம் 1.24. எட்டு மடங்கு தருவதாக ஆசை காட்டும் 'டை' (சமநிலை) பந்தயத்திலோ 14 ரூபாய்க்கு மேல். முந்தைய முடிவுகளைக் காட்டித் திரையில் ஓடும் சிவப்பு, நீல வட்டங்கள் அடுத்த சீட்டைச் சொல்லா.

தோற்கத் தோற்க இரட்டிப்பதுதான் ஆகக் கெட்ட யோசனை. பிளேயர் பக்கம் 100 ரூபாயில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 12,700 ரூபாய். எட்டாவதற்கு இன்னும் 12,800 வேண்டும். அதில் வென்றாலும் மிஞ்சுவது வெறும் 100!

சூறா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்தே சூதையும் தடுக்கிறது. ஏற்கெனவே சிக்கியவர்கள் அப்பை அழித்துவிட்டு, வங்கி அட்டையின் இணையக் கொடுப்பனவை நிறுத்துங்கள். விட்டதைப் பிடிக்க நகையை அடகு வைக்காதீர்கள். உம்மாவிடமோ காக்காவிடமோ கடன் தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். மனம் தாங்காவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம்.