உப்புக்கு ஏங்கும் உடல்



எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில், வாலிநோக்கம், மாரியூர்ப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகள்தாம். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளமும் அங்கேதான் உள்ளது. உப்பின் நடுவே வாழ்கிறவர்களுக்கு உப்புக் குறையுமா? குறையும் என்பதை ஒரு தாயார் மூலம் கற்றுக்கொண்டோம்.

உப்பளத்தில் வேலை செய்த அவர் மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே வந்தார். எழுந்து நின்றால் தலைசுற்றல், அடிக்கடி வாந்தி. சோறு பிடிக்கவில்லை, கல்லுப்பை மட்டும் வாயிலிட்டுச் சப்புவார். அக்கம்பக்கத்தார் செய்வினை என்றார்கள். "ஐயா, நாளுக்கு நாள் கறுத்துப்போறேனே, நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று எங்களிடம் கேட்டார். வெயிலில் வேலை செய்தால் எவரும் கறுப்பார்கள் என்று நாங்கள் ஆறுதல் சொன்னோம். மருத்துவரோ வெயில் படாத இடங்களைப் பார்த்தார். உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுத்திருந்தன. இரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்திருந்தது.

நோய் என்ன?

சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இரு சிறு சுரப்பிகளுக்கு அட்ரினல் என்று பெயர். உடலில் உப்பைக் காத்துவைக்கும் ஆல்டோஸ்டிரோனையும், நோயையும் அதிர்ச்சியையும் தாங்கப் பெலன் தரும் கார்டிசாலையும் இவை சுரக்கின்றன. இவை கெட்டால் உப்பு சிறுநீரோடு போய்விடும். இரத்த அழுத்தம் தாழும். உடல் உப்புக்கு ஏங்கும். 1855இல் இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் இதை விவரித்ததால் இது அடிசன் நோய் எனப்படுகிறது. அவர் கண்ட நோயாளிகளில் பலருக்குச் சுரப்பியைக் கெடுத்தது காசநோய். நம் நாட்டில் இன்றும் அது ஒரு காரணம். அந்தத் தாயாருக்கும் அதுவே.

1940களின் இறுதியில் கார்டிசோன் வருமுன் இந்நோய் பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. இன்று மாத்திரையால் நெடுநாள் வாழலாம். இந்நோயுடனேதான் ஜான் கென்னடி அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தார்.

நாம் கற்க வேண்டியவை

1. உப்பு ஆசை எல்லாம் நோயல்ல. பெரும்பாலோர் நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பைக் குறைப்பதே நல்லது. ஆனால் ஏக்கத்தோடு மெலிவு, தலைசுற்றல், கறுப்பு சேர்ந்தால் பரிசோதனை அவசியம்.

2. உப்பைத் தின்பது மட்டும் இந்நோய்க்கு மருந்தாகாது. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதன் வலுவைக் குறைப்பதால், அப்போதும் அளவு கூடும்.

3. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் தின்றவர்கள் திடீரென நிறுத்தினாலும் ஆபத்துண்டு. ஓய்ந்திருந்த சுரப்பி உடனே விழிக்காது.

4. உபவாசம் இருக்க விரும்பும் நோயாளி முதலில் மருத்துவரைக் கேட்கட்டும்.

அந்தத் தாயார் இப்போது தம் வீட்டில் சமைக்கிறார். ஒருமுறை சுகமாகிவிட்டது என்று எண்ணி மாத்திரையை நிறுத்தி, நினைவிழந்த நிலையில் திரும்பி வந்தார். தேவ கிருபையால் பிழைத்தார். அதன்பின் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

ஆண்டவர் தம் சீஷரை உப்புக்கு ஒப்பிட்டார். சிறிதளவே போதும், இல்லாவிட்டால் எல்லாம் கெடும். நோயைச் சாபம் என்று சொல்லும் நாவை அடக்கி, நோயாளியைக் காலத்தே மருத்துவரிடம் அழைத்துவருவதும் அப்படிப்பட்ட சிறு உப்பே.