மாநாடு முடிந்த மறுநாள் யார் இருப்பார்கள்?
(கிளைப் பொறுப்பாளர்களுக்கான பாடம்)

இந்த ஆண்டு உங்கள் கிளையோ வட்டாரமோ ஒரு திருமுறை இசை மாநாடு நடத்தப் போகிறதா? அப்படியென்றால் ஏற்பாட்டுக் குழுவின் முதல் கூட்டத்திலேயே இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க: "மாநாடு வெற்றி என்று எதை வைத்துச் சொல்லப் போகிறோம்?"

"மண்டபம் நிறையணும்" என்பார் ஒருவர். "டத்தோ வரணும், பத்திரிகையில் படம் வரணும்" என்பார் இன்னொருவர். "கையைக் கடிக்காமல் கணக்கு முடிஞ்சா போதும்" என்பார் பொருளாளர். மூன்றுமே நியாயமான ஆசைகள்தான். ஆனால் மூன்றும் அன்று மாலை ஆறு மணியோடு முடிந்துவிடும். மேடையில் பாடிய பிள்ளைகளில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் ஓதும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் உண்மையான அளவு. அதற்கான பதில் மேடையில் கிடைக்காது. நம் பெயர்ப் பதிவேட்டில்தான் கிடைக்கும்.

மாநாட்டு வேலை ஒரு குழுவிடமும், உறுப்பினர் பதிவு வேலை செயலாளரின் மேசை இழுப்பறையிலும் தனித்தனியாகக் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே வேலையாகச் செய்வது எப்படி என்பதே இந்தப் பாடம்.

1. சிதம்பரத்து அறை

திருமுறைகள் நமக்குக் கிடைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூவர் பாடிய பதிகங்களின் ஏடுகள் தில்லைக் கோவிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்கள். மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அரசன் கதவைத் திறக்க வைத்தான். உள்ளே போய்ப் பார்த்தால் ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றி எடுத்தபோது ஒரு பகுதிதான் மிஞ்சியது. நம்பியாண்டார் நம்பி அவற்றைத் தொகுத்தார். திருமுறை கண்ட புராணம் இதைச் சொல்கிறது.

இதே கதையின் அடுத்த பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏடு கிடைத்துவிட்டது, ஆனால் எப்படிப் பாடுவது? பண் ஏட்டில் இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியை எருக்கத்தம்புலியூரில் கண்டுபிடித்து, அவரைக் கொண்டுதான் பண் வகுத்தார்கள்.

ஒரு கிளைப் பொறுப்பாளர் இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, ஏடு இருந்தும் யாரும் திறந்து பார்க்காவிட்டால் கரையான்தான் படிக்கும். இரண்டு, இசை என்பது ஆளிடம் இருப்பது. ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து தேடிப் போனதால்தான் பண் திரும்பக் கிடைத்தது. பதிவேட்டின் பயனும் அதுதான்: யாரிடம் என்ன இருக்கிறது, அவர் எங்கே இருக்கிறார்.

2. நேரக் கணக்கு போட்டுவிட்டு மண்டபம் பிடியுங்கள்

நான் பொறியியல் படிப்பதால் கணக்கில்தான் ஆரம்பிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

120 பிள்ளைகள் ஓதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாடலுக்கு 3 நிமிடம். மேடை ஏற, இறங்க, ஒலிவாங்கியைச் சரிசெய்ய 1 நிமிடம். 120-ஐ 4-ஆல் பெருக்கினால் 480 நிமிடம், அதாவது 8 மணி நேரம். ஒரே மேடை என்றால் காலை 8.30-க்குத் தொடங்கி, சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தாமல் ஓடினாலும் மாலை 4.30 ஆகிவிடும். அதற்குள் சின்னப் பிள்ளைகள் அம்மா மடியில் தூங்கிவிடுவார்கள்.

இரண்டு மேடை போட்டால் தலா 60 பேர், 4 மணி நேரம். 15 பேருக்கு ஒருமுறை நீதிபதிகள் புள்ளிகளைக் கூட்ட 10 நிமிடம் கொடுங்கள். 40 நிமிடம் சேரும். மதியம் 1.10-க்கு ஓதுதல் முடிந்துவிடும். பிற்பகல் முழுவதும் கற்றுக்கொடுக்கக் கிடைக்கும். கோவில் மண்டபத்தோடு பக்கத்துத் தமிழ்ப்பள்ளி வகுப்பறையையும் கேட்டால் இரண்டாவது மேடை ரெடி. அதனால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடணும்.

தொடக்கத்தில் பஞ்சபுராணம் ஓதுவது நம் மரபு: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். இதை விருந்தினர் வரும் வரை நேரத்தைக் கடத்தும் நிகழ்ச்சியாக ஆக்கிவிடாதீர்கள். விருந்தினர் தாமதமானால் பஞ்சபுராணம் குறித்த நேரத்தில் நடக்கட்டும், உரை பிறகு வரட்டும்.

3. பிற்பகலில் ஒரே ஒரு பண்

போட்டி மட்டும் நடத்தினால் மூன்று பிள்ளைகள் பரிசோடும் மற்றவர்கள் சான்றிதழோடும் வீட்டுக்குப் போவார்கள். எல்லோரும் கையில் எடுத்துக்கொண்டு போக ஒன்று வேண்டும். அதற்கு ஒரு பண் போதும்.

முதல் மூன்று திருமுறைகள் பண் அடிப்படையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் ஒரு பண்ணைத் தேர்ந்தெடுத்தால் அதில் உள்ள பதிகங்களும் வரிசையாகக் கிடைக்கும். இன்று ஓதுவார்கள் பாடும் வழக்கில் மேகராகக்குறிஞ்சி என்பது நீலாம்பரி, கௌசிகம் என்பது பைரவி, தக்கேசி என்பது காம்போதி. கர்நாடக இசை படிக்கும் பிள்ளை நம் கூட்டத்தில் கட்டாயம் இருக்கும். "உனக்குத் தெரிந்த நீலாம்பரிதான் இது" என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கும். இசை படிக்காத பிள்ளைக்கு அது தாலாட்டில் கேட்ட சாயல் என்று சொல்லலாம்.

பாடுபவரையும் ஆராய்பவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது புதிய யோசனை இல்லை. 1943-இல் உருவான சென்னைத் தமிழ் இசைச் சங்கம், 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி வருகிறது. ஓதுவார்கள் பாடிக் காட்ட, இசை அறிஞர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். நம் அளவில் இதைச் செய்ய ஓர் ஓதுவார், ஓர் இசை ஆசிரியர், இரண்டு மணி நேரம் போதும்.

உள்ளூரில் மூத்தவர் ஒருவர் இருந்தால் அவரையே முதலில் கேளுங்கள். தோட்டத்துக் கோவிலில் நாற்பது வருடம் ஓதிய ஐயா ஒருவர் உங்கள் தாமானிலேயே இருக்கலாம். அவர் சம்மதித்தால் பாடுவதைப் பதிவு செய்து, பெயர், பண், தலம், தேதி எழுதி வையுங்கள். தமிழகத்திலிருந்து ஓதுவாரை அழைப்பதாக இருந்தால், மேடையேற அனுமதிக்கும் உரிய குடிநுழைவு அனுமதியை முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். சுற்றுலாப் பயணியாக வரவழைத்து மேடை ஏற்றக் கூடாது.

4. பதிவுப் பாரத்தில் என்ன கேட்பது?

கூகல் பாரம் தயாரிக்க பத்து நிமிடம் போதும். எதைக் கேட்கிறோம் என்பதை யோசிக்கத்தான் ஒரு கூட்டம் வேண்டும். பெயர், பெற்றோர் தொலைபேசி எண், ஓதும் பிரிவு ஆகியவை எல்லோரும் கேட்பவை. இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்க்கலாம்.

அ. பிறந்த ஆண்டு. வயதைக் கேட்டால் அடுத்த ஆண்டே அந்தத் தகவல் பொய்யாகிவிடும்.

ஆ. வீட்டுக்கு அருகில் உள்ள கோவில். பிள்ளைகள் வகுப்பை விடுவதற்கு ஆர்வக் குறைவை விட போக்குவரத்துதான் பெரிய காரணமாக இருக்கும். அப்பா வேலைக்குப் போனால் யார் கொண்டு விடுவது? எட்டுப் பேர் ஒரே கோவிலைக் குறிப்பிட்டிருந்தால், வகுப்பை அங்கே கொண்டு போவது நம் வேலை.

இ. இப்போது எங்காவது திருமுறை கற்கிறாரா, யாரிடம்? இதில் "இல்லை" என்று பதில் வருபவர்களுக்காகத்தான் முக்கியமாக இந்த மாநாடு.

ஈ. பெற்றோரோ அண்ணன் அக்காவோ என்ன உதவி செய்ய முடியும்? ஆர்மோனியம், தபேலா, ஒலி அமைப்பு, கணக்கு, சமையல், வண்டி. பாடத் தெரியாதவரும் இந்த இடத்தில்தான் உள்ளே வருவார்.

அடையாள அட்டை எண்ணைப் போட்டியாளர்களிடம் கேட்க வேண்டாம், நமக்கு அது தேவையில்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது என்பது உண்மைதான். ஆனாலும் நம்மை நம்பிப் பிள்ளையின் விவரம் தரும் ஒரு தாய்க்கு அதே மரியாதையை நாம் தரணும். எதற்காகக் கேட்கிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள். பட்டியலைப் புலனக் குழுவில் போடாதீர்கள்.

5. பட்டியல் மூன்று, ஒன்றல்ல

மாநாட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள் ஆகிவிட மாட்டார்கள். மாநாடு முடிந்ததும் "நம்ம கிளையில் 300 பேர்" என்று சொல்லத் தோன்றும், அது தப்பு. உறுப்பினர் என்றால் விண்ணப்பித்திருக்கணும், செயலவை ஏற்றிருக்கணும், சந்தா கட்டியிருக்கணும். ஆகவே மூன்று பட்டியல் வையுங்கள்: சட்டவிதிப்படி உறுப்பினரானவர்கள், வகுப்பு மாணவர்கள் (பெற்றோர் சம்மதத்தோடு), அழைத்தால் வந்து உதவும் நண்பர்கள். ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு ஒருவர் நகர்ந்தால் தேதி போட்டுக் குறியுங்கள்.

பெயரைக் கூட்டிக் காட்டுவதால் கூட்டம் நடத்தவும் உதவி கிடைக்காது. பல சங்கங்களின் சட்டவிதியில் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான குறைந்தபட்ச வருகை, ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதி அல்லது செயலவை எண்ணிக்கையின் இரு மடங்கு, இதில் எது குறைவோ அது. செயலவையில் 11 பேர் என்றால் இரு மடங்கு 22. பதிவேட்டில் 200 பேர் இருந்தாலும் 22 பேர் போதும். 30 பேர் மட்டுமே இருந்தால் 15 பேர் போதும். உங்கள் சட்டவிதியை எடுத்து அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பணும். இளைஞர் சங்கமாகப் பதிவாகியிருந்தால் 2007-ஆம் ஆண்டு இளைஞர் சங்கங்கள் மற்றும் இளைஞர் மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டம் முதலில் 15 முதல் 40 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்றது. 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் மேல் வரம்பை 30-ஆகக் குறைத்தது. பிறந்த ஆண்டைப் பதிவேட்டில் வைத்திருக்கும் கிளைக்கு, அடுத்த ஐந்து ஆண்டில் யார் யார் வரம்பைத் தாண்டுவார்கள் என்று இன்றே தெரியும். 28 வயது ஆசிரியருக்குப் பக்கத்தில் 18 வயது உதவியாளரை இப்போதே உட்கார வைக்கலாம்.

சந்தா சிறிய தொகையாக இருக்கலாம், ரசீது மட்டும் கட்டாயம். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போகணும், பொருளாளரின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. டுயிட்நவ் கியூஆர் அட்டையிலும் சங்கத்தின் பெயரே இருக்கணும். மாநாட்டு நன்கொடையையும் சந்தாவையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். கணக்காய்வாளர் உங்களை வாழ்த்துவார்.

பதிவேடு சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கில் இருக்கட்டும், இரண்டு பொறுப்பாளர்களுக்காவது திறக்கத் தெரியட்டும். நம்மில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். தொழிற்பயிற்சிக்கு வேறு மாநிலம் போவோம், பட்டம் வாங்கினால் சிங்கப்பூர்கூடப் போவோம். செயலாளரின் மடிக்கணினியோடு பதிவேடும் போய்விட்டால் சிதம்பரத்து அறைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

6. பிறகு 90 நாள்

மறுநாள்: நன்றிச் செய்தி, கற்ற பண்ணின் ஒலிப்பதிவு, அருகில் உள்ள வகுப்பின் இடமும் நேரமும்.

7-ஆம் நாளுக்குள்: முதல் வகுப்பு. அது தள்ளிப்போனால் ஆர்வமும் தள்ளிப்போகும். அதனால் மாநாட்டுக்கு முன்பே ஆசிரியரையும் இடத்தையும் உறுதி செய்துவிடுங்கள்.

30-ஆம் நாள்: வராதவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள். "தம்பி நல்லா இருக்கானா அக்கா? வகுப்புக்கு வர வண்டி வசதி வேணுமா?" என்று கேளுங்கள். உதவி செய்ய முன்வந்த நண்பர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். வேலை கொடுக்கப்படாத நண்பர் இரண்டாவது முறை வர மாட்டார். வேலையில் பழகியவரிடம் உறுப்பினர் பாரத்தை நீட்டினால் தயங்காமல் எழுதுவார்.

90-ஆம் நாள்: எண்ணுங்கள். எங்கும் கற்காத 80 பேர் வந்த மாநாட்டிலிருந்து 12 பேர் வகுப்பில் நிலைத்திருந்தால் அதை நான் நல்ல அறுவடை என்பேன். பூஜ்யம் என்றால், அடுத்த ஆண்டு மண்டபத்துக்கும் மாலைக்கும் செலவழிக்கும் முன் செயலவை உட்கார்ந்து பேசணும்.

கிளைக்கு வீட்டுப்பாடம்

1. கடந்த முறை உங்கள் நிகழ்ச்சியில் ஓதிய பிள்ளைகளின் பட்டியலைத் தேடி எடுங்கள். கிடைக்கிறதா, யாரிடம் இருந்தது என்று குறியுங்கள்.

2. அதில் பத்துப் பேரை அழைத்துப் பேசுங்கள். எத்தனை பேர் இன்னும் ஓதுகிறார்கள்?

3. உங்கள் வட்டாரத்தில் பண்ணோடு ஓதத் தெரிந்த மூத்தவர்களின் பெயர், தொடர்பு எண், தெரிந்த பண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்.

4. இந்த மூன்றையும் அடுத்த செயலவைக் கூட்டத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகு மாநாட்டுத் தேதியைப் பேசுங்கள்.

மூன்றாவது தாளில் ஒரே ஒரு பெயர்தான் வந்தால், தேதி பேசும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள்.

திருச்சிற்றம்பலம்.