பழைய விமானம் விழுந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: அமெரிக்காவில் சிறிய விமானம் விழுந்து நொறுங்கினால், அதைத் தயாரித்த கம்பெனி மீது நஷ்டஈடு வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் வக்கீல் முதலில் கேட்பது விமானத்தின் வயதை. 1994-இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டப்படி, 20-க்கும் குறைவான இருக்கைகளோடு, டிக்கெட் போட்டு அட்டவணைப்படி ஓடாத விமானம் என்றால் 18 ஆண்டுக் கெடு உண்டு. முதல் விற்பனையிலிருந்து அது தாண்டிவிட்டால் தயாரிப்பாளர் மீது வழக்கு நிற்காது.

இந்தச் சட்டத்துக்கு முன், வழக்குச் செலவைக் காரணம் காட்டி, சிறிய விமானங்களைத் தயாரிக்கும் செஸ்னா கம்பெனி 1986-இல் பிஸ்டன் எஞ்சின் விமானத் தயாரிப்பையே நிறுத்தியிருந்தது. சட்டம் வந்தபின் கான்சாஸில் புதிய தொழிற்சாலை கட்டி மறுபடி தொடங்கியது.

விதிவிலக்குகள்தான் சுவாரசியம். 1975-இல் விற்ற விமானத்தில் பத்தாண்டு முன் மாற்றிய எரிபொருள் பம்ப் பழுதாகி விபத்து என்றால், அந்தப் பம்புக்குக் கெடு புதிதாக ஓடும். குறையை அரசிடம் தெரிந்தே மறைத்திருந்தாலும் கம்பெனி தப்பாது. அவசரச் சிகிச்சைக்காக ஏற்றிச் சென்ற நோயாளிக்கும், கூரைமேல் விமானம் விழுந்த வீட்டுக்காரருக்கும் கெடு பொருந்தாது. உள்ளே இருந்த சாதாரணப் பயணிக்குத்தான் கதவு சாத்தப்படுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் குடும்பம் பராமரிப்பு மெக்கானிக்கையோ விமானியையோதான் துரத்த வேண்டும்.