அறையில் ஆள் மாறினால் அட்வான்ஸ் என்னாகும்?

கொல்லிமலையில் செம்மேடு, சோளக்காடு பக்கம் வேலைக்கு வரும் ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வீடெடுப்பதுண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்க எல்லோராலும் முடியாது. ஒருவருக்கு இடமாறுதல் வந்துவிட்டால், அக்ரிமென்ட் முடியும் முன்பே அவர் இடத்துக்குப் புதியவர் வருவார். போகிறவரின் அட்வான்ஸை யார் தருவது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. வீட்டை ஒப்படைத்தபின், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் தர வேண்டும் என்கிறது. ஆனால் மூவரில் ஒருவர் போனால் வீடு காலியாவதில்லை. ஆகவே ஒரு பங்கை மட்டும் கொடுங்கள் என்று வீட்டுக்காரரை நெருக்க முடியாது. ஏற்பாட்டை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். வாடகை 6,000, அட்வான்ஸ் 18,000, மூவருக்கும் சமபங்கு என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

1. புதியவர் பழையவருக்குக் கொடுப்பது

புதியவர் 6,000 ரூபாயைப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார். வீட்டுக்காரர் பணத்தைத் தொட வேண்டியதில்லை. வேலை ஒரே நாளில் முடியும். ஆபத்து புதியவருக்குத்தான். பழையவர் உடைத்த கண்ணாடிக்கும் வைத்த பாக்கிக்கும் கடைசியில் இவர் பங்கில் கைவைப்பார்கள். எனவே பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுக்க வேண்டும்.

2. வீட்டுக்காரர் வழியாகவே மாற்றுவது

அவர் பழையவருக்குத் திருப்பிக் கொடுத்து, புதியவரிடம் வாங்கிக்கொள்வார். கணக்கு சுத்தம், புதியவர் கையில் ரசீதும் இருக்கும். சிக்கல், அட்வான்ஸைச் செலவழித்துவிட்ட வீட்டுக்காரர்கள்தான். புதியவர் பணம் வந்தால்தான் பழையவருக்குக் கிடைக்கும்.

3. இருப்பவர்கள் போட்டுக் கொடுப்பது

புதியவர் இன்னும் அமையவில்லை, போகிறவருக்கோ அவசரம் என்றால், மற்ற இருவரும் ஆளுக்கு 3,000 கொடுத்து அனுப்பலாம். வேறு ஆள் கிடைக்கும்வரை முழு வாடகையும் இவர்கள் தலையில் விழும். அதனால், ஆள் வரும்வரை எத்தனை மாத வாடகைப் பங்கு போகிறவரைச் சேரும் என்பதை முன்பே பேசிவிட வேண்டும்.

4. அக்ரிமென்டையே புதிதாக எழுதுவது

பழையதை முடித்து, இருப்பவர்கள், புதியவர் பெயரில் வேறு எழுதுவது. செலவும் அலைச்சலும் உண்டு. வாடகையை ஏற்றவும் வீட்டுக்காரருக்கு வழி கிடைக்கும். ஆனால் அக்ரிமென்ட் போகிறவர் பெயரில் மட்டும் இருந்தால் இதைத் தவிர்க்கக் கூடாது. இல்லாவிட்டால் மீதிப் பேரின் பணமும் ஊரைவிட்டுப் போனவர் பெயரிலேயே நிற்கும்.

எதைத் தேர்வது?

எல்லோர் பெயரும் அக்ரிமென்டில் இருந்து, ஆளும் தயாராக இருந்தால் முதல் வழி போதும். ஆனால் வீட்டுக்காரர் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும்: இன்னார் விலகினார், இன்னார் சேர்ந்தார், இவர் பங்கு இவ்வளவு. போகிறவருக்கும் அது காப்பு. கூட்டாகக் கையெழுத்திட்டவர்களில், வேறு உடன்பாடு இல்லையென்றால், யாரிடம் வேண்டுமானாலும் முழுத்தொகையையும் கேட்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இடம் தருகிறது. பெயர் நீங்காதவரை பொறுப்பும் நீங்காது. வீட்டுக்காரரிடம் பணம் இருந்தால் இரண்டாம் வழியே மேல்.

கைமாறும் நாளில்

மின்கட்டண ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். அன்றைய மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பனியும் மழையும் ஊறிச் சுவரில் பூசணம் படர்வது மலைவீட்டின் இயல்பு. அதையும் படம் எடுங்கள். அது முன்பே இருந்ததா, யாராவது கெடுத்ததா என்ற சண்டைதான் கடைசி நாளில் வரும். வெள்ளையடிக்கும் செலவைப் பிடிப்பார்களா, எவ்வளவு, அதில் புதியவர் பங்கு எத்தனை மாதத்துக்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். பணத்தை ஜிபே வழியாகவோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள். கையில் கொடுத்தால் ரசீது வாங்காமல் சாவியைக் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.