வம்சாவளியை எப்படிப் பகிர்வது?

கேள்வி: ஐந்து தலைமுறை, 400 பேருக்கு மேல் திரட்டி வம்சாவளி எழுதியிருக்கிறேன். சென்னை, துபாய், கோலாலம்பூர் என்று சிதறிக் கிடக்கும் சொந்தங்களுக்கு எப்படிக் கொடுப்பது?
– வாசகி, கோவளம்

பதில்: முழுவதையும் ஒரே படமாக வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். எழுத்து மங்கிவிடும், ஒருவரும் படிக்க மாட்டார்கள். கிளை கிளையாகப் பிரித்து, அந்தந்த வீட்டுக்கு அவரவர் கிளையை மட்டும் பிடிஎஃப்பாக அனுப்புங்கள். பெரியவர்களுக்குக் காகிதம்தான் சரி. ஓரத்தில் நிறைய இடம் விட்டு அச்சிட்டு, பேனாவையும் கையில் கொடுங்கள். "இவர் அண்ணன் இல்லை, ஒன்றுவிட்ட தம்பி" என்று திருத்தம் அங்கேதான் வரும்.

மூலத்தை ஜெட்காம் கோப்பாக வைத்திருங்கள். மார்மன் சபையினர் 1984இல் வெளியிட்ட வடிவம் அது. பெரும்பாலான வம்சாவளி மென்பொருள்கள் அதைப் படிக்கும். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளே போதும். அத்தை மகளை, அக்கா மகளைக் கட்டும் வழக்கம் உள்ள குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு கிளையில் வருவார். கையால் வரைந்த படத்தில் அவர் இரண்டு பேராகிவிடுவார். கிராம்ப்ஸில் ஒரே பதிவுக்கு இரண்டு உறவையும் கொடுக்கலாம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்திருந்தால், கூப்பிடும் பெயரையும் பிறந்த ஊரையும் சேர்த்தே எழுதுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, போன் நம்பர், முகவரியைப் பொதுப் பிரதியில் கட்டாயம் நீக்கிவிடுங்கள். அவை மோசடிக்காரர்கள் கைக்குப் போகும். தத்து, மறுமணம் போன்ற விவரங்களைச் சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.