செங்குத்து எழுத்து: 90 டிகிரி மட்டும் போதாது

நம்பிக்கை: படத்தின்மேல் வரியை 90 டிகிரி திருப்பினால் அது செங்குத்து எழுத்து.

உண்மை: இரண்டும் வேறு வேலை. வரைபட அச்சின் பெயருக்கும் புத்தக முதுகின் தலைப்புக்கும் வரியை முழுதாகத் திருப்பினால் போதும். கட்டட விளிம்பில் நிற்கும் ‘மருத்துவமனை’ பலகையில் அப்படி இல்லை. ஒவ்வோர் எழுத்தும் நிமிர்ந்தபடி ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கிறது.

நம்பிக்கை: எழுதும் கட்டளையிலேயே கோணம் கொடுத்துவிடலாம்.

உண்மை: பிஎச்பியின் ஜிடி நூலகத்தில் கொடுக்கலாம். பைதானின் பில்லோவில் அதற்கு இடமில்லை. பின்னணியற்ற தனிப் படத்தில் எழுதி, திருப்பி, மூலப் படத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது அதே படத்தை மாஸ்க்காகவும் கொடுங்கள். விட்டால் எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் விழும். ‘எக்ஸ்பாண்ட்’ போடாமல் திருப்பினால் ஓரம் வெட்டுப்படும். ஜிடி, பில்லோ இரண்டிலும் கோணம் இடஞ்சுழியாகப் போகும். உலாவியின் கேன்வாஸில் வலஞ்சுழி, அதுவும் ரேடியனில்.

நம்பிக்கை: சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, லூப் போட்டு அடுக்கினால் வேலை முடிந்தது.

உண்மை: ஆங்கிலத்துக்கு முடிந்தது. தமிழை அதிகம் சிதைப்பது இந்த நம்பிக்கைதான். ‘மருத்துவமனை’ நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் 11 குறியீடுகள். லூப் எடுப்பது குறியீட்டை. ஆகவே ‘த்’ என்பதில் த ஒரு வரியிலும் புள்ளி அடுத்த வரியிலும் விழும். ‘னை’ இரண்டாகி, ன மேலேயும் அதன் கொம்பு கீழேயும் தனித்தனியாக நிற்கும். பெயர்ப் பலகையில் தமிழை இப்படி அச்சிட்டு மாட்டுவதை ஒருநாளும் ஏற்க முடியாது.

மருந்து எளிது. பைதானோடு வரும் ‘ரீ’ தொகுதியை விட்டு, தனியாக நிறுவும் ‘ரீஜெக்ஸ்’ தொகுதியில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் கொடுத்துத் தேடினால் உயிர்மெய் உடையாமல் முழு எழுத்தாகக் கிடைக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் மட்டும் அப்போதும் பிரியும். அவற்றை நீங்களே சேர்த்துவிடுங்கள். அடுக்கும்போது வரி உயரத்தை எழுத்துருவின் அளவிலிருந்து எடுத்து எல்லாவற்றுக்கும் ஒன்றாக வையுங்கள். ஒவ்வோர் எழுத்தின் உயரத்தையும் தனியே அளந்தால், வால் இறங்கும் ‘து’வும் தட்டையான ‘ம’வும் வெவ்வேறு இடைவெளி வாங்கும். அகலமும் எழுத்துக்கு எழுத்து மாறுவதால் ‘ஆங்கர்’ நடுவில் இருக்கட்டும்.

நம்பிக்கை: தமிழ் எழுத்துரு கொடுத்தாலே எழுத்து சரியாக வந்துவிடும்.

உண்மை: எழுத்துரு பாதிதான். கொம்பை முன்னே தள்ளுவதும் த-வையும் உகரக் குறியையும் ‘து’ ஆக்குவதும் வடிவமைப்பு எந்திரத்தின் வேலை. பில்லோவில் அதற்கு ‘ரேக்ம்’ வேண்டும். அது இல்லையென்றால், சரியாகப் பிரித்த ‘னை’கூட ன முன்னால், கொம்பு பின்னால் என்றுதான் வரும். பில்லோவின் ‘ஃபீச்சர்ஸ்’ பகுதியிடம் ரேக்ம் இருக்கிறதா என்று ஒரே வரியில் கேட்கலாம். படத்தை அச்சுக்கு அனுப்புமுன், நிரல் ஓடும் அதே கணினியில் கேட்டுவிடுங்கள்.