கறுப்பு வெள்ளை அச்சுக்கான சிறப்பு மைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூரின் நிழற்படக் கலைக்குக் கறுப்பு வெள்ளையில் ஆழ்ந்த மரபு உண்டு. காட்டுயிர்ப் படங்களால் அறியப்பட்ட டி.என்.ஏ. பெருமாள் 2017-இல் மறையும்வரை வாழ்ந்த நகரம் இது. கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலை மற்றும் நிழற்பட அருங்காட்சியகம் தன் தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்றை நிழற்படக் கலைஞர் ஜோதி பட்டின் படங்களுக்கு அளித்தது. இருட்டறையில் வெள்ளி உப்புத்தாளில் உருவான அச்சுகளைப் பார்த்துப் பழகிய கண்கள் இங்க்ஜெட் அச்சிலும் அதே தரத்தை எதிர்பார்ப்பது முற்றிலும் நியாயமானது. ஆனால் அத்தரத்தை மை ஒன்றே கொண்டுவந்துவிடும் என்ற எண்ணம் பல தவறான நம்பிக்கைகளுக்கு இடமளித்துள்ளது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு மை ஒன்றே போதும் என்பது அவற்றுள் முதலாவது. அச்சுப்பொறி மையை நுண்துளிகளாகத் தெளிக்குமே தவிர, ஒரே மையைத் தேவைக்கேற்ப நீர்க்கச் செய்ய அதனால் இயலாது. எனவே இளஞ்சாம்பல் வேண்டிய இடத்தில் கறுப்புத் துளிகளை விலக்கி விலக்கி இடுகிறது. மேகத்திலும் கொக்கின் வெண்சிறகிலும் அத்துளிகள் தனித்தனியே தெரிந்து படம் சொரசொரப்பாகிவிடுகிறது. இக்குறையைப் போக்கவே வெவ்வேறு அடர்த்தியுள்ள கறுப்பு மைகள் தோன்றின. எப்சன் நிறுவனம் 2005-இல் அறிமுகப்படுத்திய அல்ட்ராகுரோம் கே3 வரிசையில் கறுப்பு மூன்று அடர்த்திகளில் அமைந்தது; அமெரிக்காவின் ஜான் கோன் உருவாக்கிய பீசோகிராஃபி முறை, வண்ண மைகளுக்குரிய இடங்களையும் சாம்பல் மைகளுக்கே அளித்து, ஏழு அடர்த்திகள் வரை சென்றது.

சிறப்பு மை கரியால் ஆனது, ஆகவே அதில் நிறச்சாய்வே இராது என்பது இரண்டாவது நம்பிக்கை. மிகுதியான ஏமாற்றத்தைத் தருவதும் இதுவே. கரியின் நிலைப்புத்தன்மையில் ஐயமில்லை: ஓலைச்சுவடிகளில் எழுத்தாணிக் கீறலுக்குள் தேய்க்கப்பட்ட விளக்குக்கரி பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் எழுத்தைக் காட்டி நிற்கிறது. ஆயினும் நுண்ணியதாக அரைக்கப்பட்ட கரி, தாளில் மெல்லிய படலமாகப் படியும்போது பழுப்புச் சாயலையே தருகிறது. அதை நடுநிலைச் சாம்பலாக்க நீலம், கருஞ்சிவப்பு போன்ற வண்ண நிறமிகள் சேர்க்கப்படுகின்றன. அவை கரியைவிட விரைவில் மங்குவதால், நடுநிலையாகத் தொடங்கிய அச்சு காலப்போக்கில் வேறு சாயலுக்கு நகரக்கூடும். அன்றியும், வண்ண நிறமிகளை மிகுதியாகக் கலந்து உருவாக்கிய சாம்பல், ஒளி மாறும்போது தானும் மாறித் தோன்றும். சன்னல் வெளிச்சத்தில் பச்சையாகவும் பழைய குண்டு பல்பின் கீழ் செம்மையாகவும் தோன்றிய அச்சுகள், சாம்பல் மைகள் பெருகுவதற்கு முந்தைய தலைமுறைப் பொறிகளின் பெருங்குறையாக இருந்தன. இளம்பழுப்பை ஏற்றுக்கொள்ளும் மனமிருந்தால் தூய கரி மையே நீடித்த தேர்வாகும். பழைய ஊர்த்தெருக்களின் படங்களுக்கும் முகப்படங்களுக்கும் அச்சாயல் அழகு சேர்க்கவும் செய்யும்.

நூறாண்டு நிலைக்கும் என்ற விளம்பர வாசகத்தையும் அதன் நிபந்தனைகளோடு சேர்த்தே படிக்க வேண்டும். அச்சுகளின் ஆயுளை ஆராயும் வில்ஹெல்ம் ஆய்வகத்தின் புகழ்பெற்ற கணிப்புகள், கண்ணாடியிட்ட படத்தின்மீது நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் ஒளி விழுவதாகக் கொண்டு செய்யப்படுபவை. கண்ணாடியின்றி, நேர்வெயில் படும் சுவரில் தொங்கும் படத்துக்கு அக்கணிப்பு பொருந்தாது. வெண்மையை மிகுத்துக் காட்ட ஒளிர்வூட்டிகள் சேர்க்கப்பட்ட தாளில், மை மங்காதிருந்தாலும் தாளே மெல்ல மஞ்சளாகும். நீண்ட காலம் காக்க எண்ணுபவர்கள் ஒளிர்வூட்டிகள் சேராத பருத்தித் தாளை நாடுவது நலம்.

பளபளப்பற்ற தாளுக்குரிய மேட் கறுப்பும், பளபளப்புத் தாளுக்குரிய போட்டோ கறுப்பும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று பயன்படுபவை அல்ல. பருத்தித் தாளில் மேட் கறுப்பு பொதுவாக எட்டும் அடர்த்தி ஏறத்தாழ 1.6, அதாவது விழும் ஒளியில் சுமார் 2.5 விழுக்காடு திரும்பி வருகிறது. பேரைட்டா (பேரியம் சல்பேட்) பூசிய பளபளப்புத் தாளில் போட்டோ கறுப்பு 2.3 அளவை எட்டும்போது திரும்பி வரும் ஒளி 0.5 விழுக்காடாகக் குறைகிறது. யானையின் தோல் மடிப்புகளில் ஆழ்ந்த இருள் வேண்டுவோருக்கு, மையின் விலையைவிட இந்த வேறுபாடே முதன்மையானது.

பெங்களூரின் எஸ்.பி. சாலைக் கடைகளில் கிடைக்கும் மையை எந்தப் பொறியிலும் ஊற்றலாம் என்ற நம்பிக்கை பொறியையே பாழாக்கக்கூடும். நீரில் முற்றிலும் கரையும் சாய மைக்கென அமைந்த பொறியில், திடத்துகள்கள் மிதக்கும் நிறமி மையை ஊற்றினால் துகள்கள் அடியில் படிந்து துளைகளை அடைக்க நேரிடும். பெங்களூரில் காற்று வறளும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நெடுநாள் ஓடாமல் கிடக்கும் பொறிக்கு இது மேலும் கேடு. மாதம் ஓரிரு படங்களே அச்சிடுபவர்கள் ஏழு மைக்குப்பிகளை வாங்குவதைவிட, சாம்பல் மைகளோடு வரும் பொறியைக் கொண்ட நல்ல அச்சகத்தை நாடுவதே பொருத்தம். தாமே அச்சிட விரும்புபவர்கள், முழு வெண்மையிலிருந்து முழுக் கறுப்புவரை 21 படிகள் கொண்ட சோதனைப் பட்டையை, தாம் தேர்ந்த தாளிலேயே, மை விற்பவரிடம் அச்சிட்டுத் தரக் கேட்டு, படம் தொங்கவிருக்கும் சுவரருகே பகலொளியிலும் இரவு விளக்கிலும் பார்த்த பின்னரே மைத்தொகுதியை வாங்க வேண்டும்.